கம்பியில் ஏறாத சுக்கு வாசனை

அம்மா வீட்டில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள பொன்மணி கதவைத் தட்ட வேண்டியதில்லை. பள்ளி விட்டு வரும்போது சந்து முனையில் நின்று மூக்கை உறிஞ்சினால் போதும். சுக்கு வாசனை அடித்தால், அம்மா வந்தாயிற்று.

கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் அம்மா மாயம்மாளுக்கு வேலை. காலையிலிருந்து முறத்தில் சுக்கைப் புடைத்துத் தூசி நீக்குவார். அந்த வாசனை புடவையில் ஏறிக்கொண்டு வீட்டுக்கும் கூடவே வரும்.

அது இரண்டாயிரமாவது ஆண்டு. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அம்மா முகம் வாடி வந்தார்.

"கிடங்க ஏலூருக்கு மாத்துறாங்களாம் பொன்னு. ஓணம் கழிஞ்சதும். காலையில அஞ்சு மணிக்கு வேன் வந்துருமாம். திரும்பி வர ராத்திரி எட்டாகுமாம்."

"அப்போ நான் ஸ்கூல் விட்டு வர்றப்ப?"

பொன்மணி சந்து முனையை நினைத்துப் பார்த்தாள். அங்கே நின்று மூக்கை உறிஞ்சுகிறாள். மழை வாசனை மட்டும்தான் வருகிறது.

யோசனை சொன்னவர் ஸுப்ரியா சேச்சி. மலையாளத்தில் அக்காவைச் சேச்சி என்பார்கள். சந்து முனை மாடியில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்து இன்டர்நெட் கடை நடத்துபவர். அம்மா செய்யும் சுக்குக் காப்பிப் பொடி என்றால் சேச்சிக்கு உயிர்.

"மாயம்மாச்சேச்சி, இந்தப் பொடிய இன்டர்நெட்ல வெச்சு விப்போம். வீட்டில இருந்தே பணி செய்யலாம். ஏலூருக்குப் போகண்டா!"

சேச்சி இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தயார் செய்தார். வெயிலில் காயும் சுக்கின் பெரிய படம். அதன் கீழே பொடியைப் பற்றி நாலு வரி. அதற்கும் கீழே கடிதம் எழுத ஓர் இ-மெயில் முகவரி.

"இந்தப் பக்கம் இங்கேயா இருக்கு சேச்சி?" என்று பொன்மணி கேட்டாள்.

"இல்ல மோளே. எங்கேயோ தூரத்தில ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கு. யாராவது கேட்டா, அது ஒரு பிரதி அனுப்பும். போன் கம்பி வழியாத்தான் வரும்."

சேச்சி ஒரு பொத்தானை அழுத்தினார். சிறிய பெட்டி ஒன்று 'கீங்... க்ர்ர்ர்... பிய்ய்' என்று பாடியது.

"ஐயோ, உடைஞ்சுடுச்சா?"

"இல்லடி! 'நீ ஆரு? எத்ர வேகமா பேசுவே?'ன்னு ரெண்டு மிஷினும் கேட்டுக்குது."

பிறகு படம் வரத் தொடங்கியது. மேலிருந்து கீழாக, பாய் விரிவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் வானம். பிறகு கூரை. நெடுநேரம் கழித்துத்தான் சுக்கு.

"ஒரு படத்த ஆயிரம் துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு அனுப்பும். இங்க வந்து சேர்ந்ததும் நம்பர் பார்த்துச் சேர்த்துக்கும்" என்றார் சேச்சி.

அன்று தூங்கும்போது பொன்மணி அந்தத் துண்டுகளைக் கண்டாள். நம்பர் ஒட்டிய சின்னஞ்சிறு படகுகளாக அவை கொச்சிக் கடலுக்கு அடியில் வரிசையாகப் போயின. மீன்கள் ஒதுங்கி வழிவிட்டன.

பக்கத்தின் அடியில் ஓர் எண் இருந்தது. யாராவது பக்கத்தைத் திறந்தால் அது ஒன்று கூடும். இரண்டு, பத்து, நாற்பது என்று ஏறி, மூன்றே வாரத்தில் தொண்ணூற்றேழு ஆகிவிட்டது!

"தொண்ணூத்தேழு பேரு நம்ம கடைக்கு வந்துட்டுப் போயிருக்காங்க!" என்று அப்பா சுப்புராஜ் சந்து முழுவதும் சொன்னார். அவர் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்ப்பவர். கூட வேலை பார்ப்பவர்களையும் ஒவ்வொருவராகக் கூட்டிவந்து பக்கத்தைத் திறந்து காட்டினார்.

ஆனால், பொடி கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை.

ஒரு சனிக்கிழமை பொன்மணி பக்கத்தைத் திறந்தாள். தொண்ணூற்றெட்டு. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். தொண்ணூற்றொன்பது.

"சேச்சி! நான் பார்த்தாலும் ஏறுதே!"

சேச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் அத யோசிக்கவே இல்லியே! எண்ணுற மிஷினுக்கு ஆளத் தெரியுமா மோளே? யாரு திறந்தாலும் அதுக்கு ஒரே கணக்குதான்."

இருவரும் உட்கார்ந்து எண்ணினார்கள். பொன்மணி இருபத்தேழு முறை. அம்மா இருபது. சேச்சி பதினைந்து. அப்பாவும் அவர் நண்பர்களும் இருபத்து மூன்று.

"எல்லாம் நாம மட்டும்தானா?" என்று அப்போது மாடியேறி வந்த அப்பா தலையைச் சொறிந்தார்.

"இல்லப்பா. பதினாலு பேரு மிச்சம் இருக்காங்க. நமக்குத் தெரியாத பதினாலு பேரு" என்றாள் பொன்மணி. "வாசல் வரைக்கும் வந்துட்டு ஏன் போனாங்க?"

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவள் பஜார் ரோடு வழியாக நடந்தாள். மிளகு, ஏலக்காய், ஈரச் சாக்கு என்று பல வாசனைகள் கலந்து வந்தன. ஒரு கடை வாசலில் சுக்குத் தரகர் ரங்கசாமி மாமா, வடக்கேயிருந்து வந்த ஒரு வியாபாரியுடன் நின்றிருந்தார்.

மாமா வாய் திறக்கவில்லை. மூட்டையில் கைவிட்டு ஒரு சுக்கை எடுத்தார். வியாபாரியின் காதருகே கொண்டுபோனார்.

டக்!

ஒடிந்த முனையை வியாபாரியின் மூக்கருகே நீட்டினார். வியாபாரி கண்ணை மூடி மோந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் பேச்சே தொடங்கியது.

வியாபாரி போனதும் பொன்மணி கேட்டாள். "மாமா, ஒடிக்காம வித்தா என்ன?"

"ஒடிக்காத சுக்க எவன் வாங்குவான்? நல்லா காஞ்சிருக்கான்னு சத்தம் சொல்லும். காரம் இருக்கான்னு வாசன சொல்லும். நான் எதுக்கு வாய் வலிக்கப் பேசணும்?"

பொன்மணி அங்கிருந்து ஒரே ஓட்டமாகச் சேச்சியின் மாடிக்கு ஏறினாள்.

"சேச்சி, வாசன கம்பியில போகுமா?"

"போகாதே. எழுத்து, படம், பாட்டு எதுவானாலும் முதல்ல எண்ணா மாறணும். அப்பத்தான் கம்பியில ஏறும். வாசனைய எண்ணா மாத்தி அனுப்ப நம்ம மிஷினுக்குத் தெரியாது."

"அப்படீன்னா அது தபால்ல போகட்டும்!"

சேச்சி சாயா தம்ளரைக் கீழே வைத்தார். பொன்மணி சொல்லச் சொல்ல எழுதினார்:

'உங்கள் முகவரியை எழுதுங்கள். தபாலில் ஒரு துண்டு சுக்கு வரும். காதருகே வைத்து ஒடியுங்கள். பிறகு மோந்து பாருங்கள். பிடித்தால் மட்டும் பொடி கேளுங்கள்.'

அதையே மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றி, சேச்சி மூன்று மொழியிலும் எழுதினார்.

"இத படத்துக்கு மேல போடுங்க சேச்சி. படம் வர்றதுக்குள்ள எனக்கே கொட்டாவி வருது. எழுத்துன்னா டக்குனு வந்துடும்ல?"

"மிடுக்கி! கெட்டிக்காரிதான் நீ!" என்று சேச்சி அவள் கன்னத்தைத் தட்டினார்.

பத்து நாளில் நான்கு பேர் முகவரி அனுப்பினார்கள். புனேயிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து இருவர், நார்வே என்ற குளிர் நாட்டிலிருந்து ஒருவர். அம்மா நன்றாகக் காய்ந்த சுக்காகப் பார்த்து எடுத்தார். பொன்மணி உறைகளை ஒட்டினாள்.

இந்தத் துண்டுகளுக்குக் கம்பி இல்லை. தபால் பெட்டி, லாரி, விமானம் என்று மெதுவாகத்தான் போகும். பொன்மணி காத்திருந்தாள். மழை குறைந்தது. தெருவில் ஓணப் பூக்கள் விற்பனைக்கு வந்துவிட்டன.

கிடங்கு மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். "மாயம்மா, ஏலூர் வேனுல உனக்கு இடம் போடட்டா? இன்னும் ஒரு இடம்தான் இருக்கு."

அம்மா பொன்மணியைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்றேன் அண்ணே."

அன்று மாலை அம்மா, அப்பா, பொன்மணி மூவரும் சேச்சியின் மாடிக்குப் போனார்கள். பெட்டி 'கீங்... க்ர்ர்ர்' என்று பாடியது. பாட்டு முடிவதற்குள் பொன்மணி மூன்று நகங்களைக் கடித்துவிட்டாள்.

இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. புனேக்காரர் ஒரு டீக்கடை வைத்திருந்தார். வாரம் இரண்டு கிலோ பொடி கேட்டிருந்தார். நார்வேயிலிருந்து வந்த மற்றதைச் சேச்சி உரக்கப் படித்தார்.

'என் பெயர் கமலாக்ஷி. இங்கே நர்ஸ் வேலை பார்க்கிறேன். வெளியே ஒரே குளிர். ஜன்னல்களை அடைத்திருந்தோம். நீங்கள் சொன்னபடி சுக்கை ஒடித்தேன். டக்! அறை முழுவதும் எங்கள் ஊர்ச் சமையல்கட்டு வாசனை. பக்கத்து அறைகளிலிருந்து பதினோரு நர்ஸுகள் ஓடி வந்துவிட்டார்கள். எங்கள் எல்லாருக்கும் மாதாமாதம் பொடி அனுப்புவீர்களா?'

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று படியிறங்கினார்.

"எங்கம்மா போறீங்க?"

"மேஸ்திரிகிட்ட. வேனுல அந்த இடத்த வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லணும்."

ஓண விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. மாலையில் பொன்மணி சந்து முனைக்கு வந்தாள். நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக மூக்கை உறிஞ்சினாள்.

புதிதாக இடித்த சுக்குப் பொடியின் காரம் நேராக வந்து மூக்கில் ஏறியது.

"ஹச்ச்ச்!"

"பொன்னு வந்துட்டியா? கை கால் கழுவிட்டு வா!" என்று வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது.