பிப்ரவரியில் புயல் வராது

1962 பிப்ரவரி. மதியச் சாப்பாடு முடிந்து, குடையை மடக்கியபடி ஏரம்பமூர்த்தி அலுவலகத்துக்குள் வந்தார். சிங்கப்பூர் ஆற்றை ஒட்டிய பழைய கட்டடம். மூன்றாம் மாடியில் ஒரு கப்பல் கம்பெனியின் வானிலைப் பிரிவு. கடலில் போகும் கப்பல்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரேடியோத் தந்தியில் சொல்லும் காற்றழுத்தத்தை வரைபடத்தில் குறிப்பது அவர் வேலை. அதைப் பார்த்துத்தான் மற்றக் கப்பல்களுக்குப் புயல் எச்சரிக்கை போகும்.

வங்கக் கடலின் புயல் மாதங்கள் அவருக்கு மனப்பாடம். ஏப்ரல், மேயில் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும். பிப்ரவரியில் வராது. புயல் என்னவோ அவரிடம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி பேசுவார்.

அந்தத் திமிர்தான் போன வருஷம் முப்பத்தொரு பேரைக் கொன்றது. இதே பிப்ரவரியில், புயலில் சிக்கியிருப்பதாக 'செலினா' என்ற சரக்குக் கப்பல் செய்தி அனுப்பியது. "இந்த மாதத்தில புயலோ?" என்று சிரித்து, தவறான தகவல் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். உதவிக்கு யாரும் போகவில்லை. கப்பல் மூழ்கியது. விஷயம் அவருக்கும், தந்தி வாங்கிய காதர் மைதீனுக்கும் மட்டுமே தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

மணி ஒன்றரை. காதர் மைதீன் ஒரு சீட்டோடு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், செலினா கூப்பிடுது."

"விசர்க் கதை கதையாதையும்."

"அந்தக் கப்பல் தந்திக்காரரு தட்டுற விதம் எனக்குத் தெரியாதா சார்? அவரேதான்."

சீட்டில் நிக்கோபாருக்குத் தெற்கே ஓர் இடம். அழுத்தம் 976 மில்லிபார்; கடும் புயலின் நடுவில்தான் அவ்வளவு இறங்கும். ஏரம்பமூர்த்தி சிவப்புக் கோடு போட்டார்.

மறுநாள் அதே ஒன்றரைக்கு, மலாக்கா நீரிணை. அழுத்தம் 964. கோடு.

மூன்றாம் நாள், சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வாசல். அழுத்தம் 950. எட்டிப் பார்த்தார். ஆற்றில் சரக்கு ஏற்றும் தொங்கான் படகுகள் வெயிலில் அசையாமல் கிடந்தன. அறைக்குள் மட்டும் ஈரக் கயிற்று நாற்றம் அடித்தது.

நான்காம் நாள் சீட்டு, கடலில் இல்லாத ஓர் இடத்தைச் சொன்னது. நகர வரைபடத்தை விரித்து அளவுகோலை வைத்தார்.

சிராங்கூன் ரோடு.

அவர் குடியிருந்த கடைவீட்டு வரிசை.

வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக் கடைக்கு டெலிபோன் போட்டார். மனைவி மனோரஞ்சிதம்தான் வந்து பேசினாள்.

"இஞ்சேருங்கோ, ரோட்டில நல்ல வெயில். எங்கட வீட்டுக்குள்ள மட்டும் காத்து அடிக்குது. சுவரெல்லாம் உப்புத் தண்ணி வடியுது."

"மேல போகாதையும்! கடையிலேயே நில்லும்!"

"அடுப்பு எரிஞ்சபடி கிடக்கு. அணைச்சிட்டு ஓடி வாறன்."

போன் கைமாறியது. அவள் போய்விட்டாள்.

காதர் மைதீன் அவர் காதோரம் குனிந்தார். "இந்த வாட்டியாவது குறிச்சிடுங்க சார். ஒரு ஆளாவது நம்பணும்னுதான் வர்றாங்க."

பேனாவை எடுத்தார். அதே நேரம் மேலதிகாரி வந்து வரைபடத்துக்குக் கை நீட்டினார். சிராங்கூன் ரோட்டில் புயல் என்று எழுதிக் கொடுத்தால் வேலை போகும். ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

பேனாவை வைத்துவிட்டார்.

சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

கோடு போட்ட மறுகணமே எழுந்து ஓடினார். காதரை இழுத்துக்கொண்டு டாக்சி பிடித்தார். தெருவில் பூக்கடைகளும் சைக்கிள்களும் வழக்கம்போல் இருந்தன. படியேறிக் கதவைத் தள்ளினார்.

காற்று இல்லை. சுவர்கள் காய்ந்திருந்தன. அடுப்பு அணைந்திருந்தது.

மனோரஞ்சிதம் மேசை முன் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியிலிருந்து கடல் தண்ணீர் சொட்டியது.

"ரஞ்சிதம்!"

அவள் திரும்பவில்லை. ஒரு விரல் மட்டும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. நீளமாக, குட்டையாக, நிறுத்தி நிறுத்தி. தந்தி பாஷையில் ஓர் எழுத்துக்கூட அறியாதவள்.

காதர் மைதீன் கேட்டுக் கேட்டு, கிசுகிசுப்பாகச் சொன்னார்.

"நங்கூரம் போட்டாச்சு... முப்பத்தொரு பேரும் இறங்கிட்டோம்... அடுத்த செய்தி ஏழரைக்கு."

ஏரம்பமூர்த்தி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஏழரை வரை அழுதார். ஏழரை அடித்ததும் அந்த விரல் அவர் உள்ளங்கையிலேயே தட்டத் தொடங்கியது. பிப்ரவரி போனது, மார்ச் போனது, புயல் மாதங்களும் வந்து போயின. ஒரு வேளைகூட அது தவறவில்லை.