குரல் திரும்பாத வளைவு

ஞாயிறு பூசை முடிந்து, தேக்கா சந்தையின் ஈரத் தரையில் நின்று, கொடுவா மீனைச் சுத்தம் செய்து தரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது ஜோசபினை யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். செதில் சுரண்டும் சத்தம், பனிக்கட்டி கொட்டும் சத்தம், கூட்டத்தின் இரைச்சல் எல்லாவற்றையும் தாண்டி அது தெளிவாகக் கேட்டது. "ஜோசபீ...ன்!" பாதி திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் குரல் அவளுடையது.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஜாலான் புசார் பக்கம் ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கிறாள். இந்த வயதில் பாலைவனத்துக்குப் போய்ப் படம் எடுக்காவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று ஜூரோங்கில் இருக்கும் தங்கை வருடா வருடம் கேட்பாள். வருடா வருடம் இவள் போவாள். கூட வருபவர்கள் இரண்டு பேர், இருவரும் அவள் போகும் தேவாலயத்துக்காரர்கள். பயணத்துக்கு எல்லா ஏற்பாடும் செய்பவர் ஆர்னால்ட். கப்பல் பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் காத்தோங்கில் இருப்பவர் லாசரஸ்.

இந்த முறை அமெரிக்காவில் யூட்டா போயிருந்தார்கள். சிவப்புப் பாறை மேலிருந்து அடிவரை பிளந்து கிடந்த ஓர் இடுக்குக்குள், இரண்டு தோளும் சுவரில் உரச, கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார்கள். உச்சி வெயில் மேல் விளிம்பில் பட்டு, சுவரிலிருந்து சுவருக்குத் தாவித் தாவி, கீழே வந்து சேரும்போது தணல் நிறமாகியிருக்கும். அந்த வெளிச்சம் இருபது நிமிடம்தான் நிற்கும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போவது.

இடுக்கு வளைந்து வளைந்து போனதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஒவ்வொரு வளைவிலும் அவரவர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், அப்போதுதான் யார் எங்கே என்று மற்றவர்களுக்குத் தெரியும் என்று ஆர்னால்ட் சொல்லியிருந்தார். பெயர்கள் பாறையில் மோதி மூன்று நான்கு முறை திரும்பி வந்தன. ஒரே ஒரு வளைவில் மட்டும் வரவில்லை. ஜோசபின் கூப்பிட்டாள், குரல் போனது, அவ்வளவுதான். மற்ற இருவரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எதுவும் திரும்பவில்லை. பாறைக்குப் பசி போல என்று லாசரஸ் சிரித்தார்.

அது நடந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சந்தையில் கேட்டது அந்த வளைவில் அவள் கூப்பிட்ட அதே கூப்பாடு. கடைசி எழுத்துக்கு முன் மூச்சு வாங்கி இழுத்தது உட்பட.

ஆர்னால்டுக்குப் போன் செய்து சொன்னாள். "காது அடைச்சிருக்கும் லா, பிளேன்ல வந்தா அப்படித்தான்" என்றார் அவர். மூன்று வாரமாகவா என்று அவள் கேட்டதும், அடுத்த பயணத்துக்கு எந்த லென்ஸ் எடுத்து வரப் போகிறாள் என்று பேச்சை மாற்றினார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது குரல் பேருந்து நிறுத்தத்தில் கேட்டது. செவ்வாய்க்கிழமை அவள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே கேட்டது. கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்கள். அவள்தான் கூப்பிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு மின்தூக்கிக்கு நடந்தாள். பயம்தான். ஆனால் அவள் ஓடவில்லை.

புதன்கிழமை காத்தோங் போனாள். லாசரஸின் மனைவி ஈவா கதவைத் திறந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது யாரோ வெளியே அவர் பெயரை அவர் குரலிலேயே கூப்பிட்டார்களாம். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, "இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாராம். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. தொண்டையில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

லாசரஸ் சோபாவில் உட்கார்ந்திருந்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மூச்சு விடும்போது மட்டும் மணல் சரிவதுபோல் மெல்லிய ஓசை. பேனாவை வாங்கி எழுதிக் காட்டினார்: பதில் சொல்லாதே. நாம எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியாது. சொன்னாத்தான் தெரியும்.

அவள் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கீழே வாகன நிறுத்துமிடத்திலிருந்து லாசரஸின் குரல் கேட்டது. நிதானமான, அன்பான குரல். "ஈவா... ஈவா..."

ஈவா சன்னலுக்கு ஓடினாள். ஜோசபின் அவள் வாயைப் பொத்தி இழுத்துப் பிடித்துக்கொண்டாள். லாசரஸ் சோபாவிலிருந்தபடியே, கண்ணில் நீர் வழிய, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆர்னால்டுக்குப் போன் செய்தாள். எடுத்தார். குறுகலான இடத்தில் காற்று நுழைவதுபோல் ஓர் இரைச்சல். பிறகு, அவர் குரலிலேயே நீட்டி இழுத்து, "ஆர்னா...ல்ட்." அவள் போனை வைத்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட தங்கை உடனே ஜூரோங்குக்கு வரச் சொன்னாள். "என் வீட்டை விட்டு நான் எதுக்கு ஓடணும்? கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுக்குத்தான் தொண்டை வறளும்" என்றாள் ஜோசபின். வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். குரல் தேடித் தேடி ஏறி வந்தது. வியாழன் நான்காவது மாடியில் கேட்டது. வெள்ளி ஏழாவது மாடியில்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வானம் இருட்டி மழை கொட்டியது. சன்னல் கண்ணாடியில் தண்ணீர் தகடு தகடாக வழிந்தது. துணி காயப்போடும் கம்பிகள் காற்றில் அடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்துக்கு நடுவே, மழையின் வாசனையைத் தள்ளிக்கொண்டு வேறொரு வாசனை கதவுக்கு அடியில் நுழைந்தது. வெயிலில் காய்ந்த கல்லின் வாசனை.

"ஜோசபீ...ன்."

கதவுக்கு வெளியே. ஒரு கை தூரத்தில்.

அவள் நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். கூப்பிடு, பார்க்கலாம் என்று மனதுக்குள் சொன்னாள்.

அது லாசரஸ் குரலில் கூப்பிட்டது. ஆர்னால்ட் குரலில் கூப்பிட்டது. அவள் அசையவில்லை. மணி நான்கானது.

பிறகு குரல் நின்றது.

மழை மட்டும். மூச்சு மட்டும்.

பக்கத்து வீட்டு வாசலில், ஜோசபினின் குரல்: "மோகனா. மோகனப்பிரியா. உள்ளதான் இருக்கியாம்மா?"

அவள் துள்ளி எழுந்தாள். மோகனப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கணினி நிறுவனத்தில் வேலை. புருஷன் வெளியூரில். கையில் ஆறு மாதக் குழந்தை. ஜோசபின் கூப்பிட்டால் யார் என்றுகூடக் கேட்க மாட்டாள்.

தாழ்ப்பாள் நகரும் சத்தம். குழந்தையின் சிணுங்கல்.

ஆறு நாளாக அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் மூடி வைத்திருந்த வாயை ஜோசபின் திறந்தாள்.

"மோகனா, பேசாதே! கதவைத் திறக்காதே! அது நான் இல்ல. நான் இங்க இருக்கேன்!"

தாழ்ப்பாள் நின்றது.

எல்லாமே நின்றது. மழைகூட.

அது மோகனாவை விட்டுத் தன்னிடம் வரட்டும் என்று ஜோசபின் தானே கதவைத் திறந்தாள். இரும்புக் கிராதிக்கு அப்பால் தாழ்வாரம் இல்லை. எதிர் புளோக் இல்லை. சிவப்புப் பாறை. அண்ணாந்தால் ஒரு நூலளவு வானம். அவள் முகத்துக்கு நேராகப் பாறையில் ஒரு வெடிப்பு, மெதுவாக அகலமானது. அதன் ஆழத்தில் தூரத்தில் யாரோ பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லாசரஸ். ஆர்னால்ட். வேறு பெயர்கள். நிறைய.

போ என்று கத்தினாள். வாய் திறந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை.

அது வெடிப்புக்குள்ளிருந்து வந்தது. அவள் குரல். பரிவோடு, பொறுமையாக.

"மோகனா. அது போயிடுச்சும்மா. இப்போ திற."

சுவரில் சாய்த்திருந்த கேமரா முக்காலியை எடுத்தாள். கிராதியில் ஓங்கி அடித்தாள்.

"மோகனா..."

அடித்தாள். அந்தப் பெயர் காதில் விழாதபடி அடித்தாள். மூச்சில் மணல் சரிந்தது. கை தோலுரிந்தது. குரல் விடவில்லை. அவளும் விடவில்லை. கிராதிக் கம்பிகளுக்கு இடையே, அங்குலம் அங்குலமாக, பாறை உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.