ஜலதாரையில் ஒரு சாண் முடி

துவைகல்லுக்குக் கீழே, ஜலதாரையின் வாயில் செருகியிருந்த தகரச் சல்லடையைக் காவேரி உருவினாள். துவைத்து முடித்ததும் செய்கிற வேலைதான். நூல், பஞ்சு, புளியங்கொட்டை எல்லாவற்றையும் வழித்து எறியாவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் போகாது. இன்று அழுக்கோடு ஒரு முடி வந்தது. ஒரு சாண் நீளம். மெல்லிசு. செம்பட்டை.

அந்த வீட்டில் செம்பட்டை முடி மகள் தீர்த்தம்மாளுக்கு மட்டும்தான். நாற்பத்து மூன்றாம் வருஷம் கடத்தூர்ப் பக்கம் பரவிய வாந்திபேதியில் ஆறு வயதுப் பிள்ளை போய்விட்டாள். அதற்குப் பத்து நாள் முன்னால்தான் தீர்த்தமலையில் மொட்டை போட்டிருந்தார்கள்.

செத்தவர் துணியை வண்ணாருக்குப் போட்டுவிட வேண்டும். காவேரி எல்லாவற்றையும் போட்டாள், ஒரு பாவாடையைத் தவிர. புருஷன் பச்சியப்பன் சந்தைக்குப் போகிற நாளில் அதை எடுத்துத் துவைப்பாள். காய்ந்ததும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுவாள். முதல் வாரமே சல்லடையில் எள்ளளவு முடி கிடந்தது. அடுத்த வாரம் விரற்கடை. பயப்பட வேண்டியவள், பைத்தியக்காரி, சந்தோஷப்பட்டாள். பிள்ளைக்கு முடி வளர்கிறதே!

ஒரு சாண் முடி வந்த அன்று பச்சியப்பன் சீக்கிரமே திரும்பிவிட்டான். கொடியில் பாவாடை தொங்கியது.

"இத நீ போடலியா?"

"உங்க கால்ல உழறேங்க. அவ வளர்றாங்க. இதையும் குடுத்துட்டா அப்புறம் வர மாட்டாங்க."

"காவேரி, புள்ள செத்துப்போச்சு." பாவாடையைச் சுருட்டிக்கொண்டு வண்ணார் வீட்டை நோக்கி நடந்தான். இரண்டாம் தடவையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் உச்சிவெயிலில் தன் புடவை ஒன்றை மட்டும் துவைத்தாள். தண்ணீர் இறங்கவில்லை. கணுக்காலைச் சுற்றி மெல்ல ஏறியது. அதில் சோப்பு வாசனைக்கு அடியில், பிள்ளையின் தலைக்குத் தேய்க்கிற விளக்கெண்ணெய் வாசனை. வாழை இலை ஒன்றுகூட அசையவில்லை. சல்லடையை உருவிவிட்டு ஓட்டைக்குள் கையை விட்டாள்.

முடி. கொத்தாக. வெதுவெதுப்பாக.

இழுத்தாள். ஒரு முழம் வந்தது. இரண்டு முழம். பிறகு உள்ளிருந்து எதிர்த்து இழுத்தது. மெதுவாக. சீப்பில் சிக்கு மாட்டினால் பிள்ளை தலையை இழுத்துக்கொள்வாளே, அப்படி.

காவேரிக்கு ஓடிவிடத் தோன்றியது. கைதான் விடவில்லை.

"வலிக்குதா கண்ணு?"

இழுப்பு நின்றது. காத்திருந்தது.

அவள் தண்ணீரிலேயே உட்கார்ந்தாள். முடியை மூன்று காலாகப் பிரித்தாள். பின்னினாள். ஒவ்வொரு பின்னலுக்கும் உள்ளே ஏதோ ஒரு விரற்கடை நகர்ந்தது. கல்லில் எலும்பு உரசுகிற சத்தம். இன்னும் பக்கத்தில். இன்னும்.

அவள் கை மட்டுமே நுழையக்கூடிய அந்த ஓட்டையில், தலை பின்னிக்கொள்ள முதுகைக் காட்டியபடியே அம்மா மடிக்கு நகர்ந்து வந்த ஒரு சின்னத் தலையின் உச்சி பிதுங்கி வெளியே தெரிந்தது. காவேரி பின்னுவதை நிறுத்தவில்லை.