மடி கனக்குது

போர்வை ஈரமாக இருந்தது. கடலுக்கு எட்டாத வடக்கத்தி ஊரான சிஞ்ச்வாடில் மூன்று நாளாக அடித்த மழையில் எந்தத் துணியும் காயவில்லைதான். ஆனால் தொட்ட விரலை நாக்கில் வைத்தபோது அகல்யாவுக்கு உப்புக் கரித்தது.

தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அவள் கணவன் பரமசிவம், நண்பகலில் தடித்த திரைகளை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும், லோக்கல் ரயிலின் தடதடப்பும், ஜன்னல் கம்பியில் சொட்டும் மழையும் கலந்த அந்த அரையிருட்டில், அவன் கைகள் மார்புக்கு மேலே எதையோ மாறிமாறி இழுத்தன. முகத்தில் ஒரு கனிவு. மணமான இரண்டு ஆண்டுகளில் அவள் ஒருமுறைகூடக் காணாத கனிவு.

"பாமா," என்றான் தூக்கத்தில். "மடி கனக்குது, பாமா."

அகல்யா நிமிர்ந்தாள். யார் இந்தப் பாமா? எவள் மடி? சமையலறைக்குப் போய், ஊரில் இருக்கும் அவன் அண்ணி சரசாவை போனில் அழைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் சரசா சிரித்தாள்.

"மடின்னா வலையோட அடிப்பை, தங்கச்சி. மீனெல்லாம் வந்து அடையுமே, அது. பாமாங்கிறது எங்க ஃபைபர் போட்டோட பேரு. போட்டுகிட்ட போயி சக்களத்திச் சண்ட போடுவியா?"

"எங்கிட்ட சொன்னதே இல்லீங்களே, அக்கா."

சிரிப்பு நின்றது. "எப்படிச் சொல்லுவாரு? உன்னப் பொண்ணு கேட்டு கோயமுத்தூர் வந்த அன்னிக்குத்தான் பாமா கவுந்துச்சு. எங்க வீட்டுக்காரரையும் சேத்து ஆறு பேரு. ஒருத்தரும் கரை சேரல. போட்டுல இவரு எடம் மட்டும் அன்னிக்குக் காலி." பிறகு, "உனக்குக் குடுத்து வச்சிருக்கு," என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அகல்யாவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் பொறாமைதான் வந்தது. பெண்ணாக இருந்தால் தலைமுடியைப் பிடித்துக் கேட்கலாம். மூழ்கிப்போன படகை எங்கே போய்க் கேட்பது?

அறைக்குத் திரும்பியபோது மீன்வாடை குப்பென்று அடித்தது. இழுத்துக்கொண்டிருந்த கைகள் இப்போது இழுபட்டன. அவன் உடம்பு சாண் சாணாகக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்தது. குதிகால்கள் விளிம்பைத் தாண்டிவிட்டன.

"வர்றேன்," என்றான். "என் எடத்துக்கு வர்றேன்."

"போவாதீங்க." அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவன் தோள்களைப் பற்றினாள். எதிர்ப்பக்கம் கயிறு போல ஏதோ விறைத்தது. அவள் விடவில்லை. "உங்களுக்கு மடி இங்க இருக்குங்க. எம் மடிக்கு வாங்க."

சட்டென்று இழுப்பு தளர்ந்தது. அவன் தலை அவள் மடியில் விழுந்தது. சூடாக. தனக்கே தனக்காக. அவள் அவன் முடியைக் கோதினாள்.

அவன் புன்னகைத்தான். கண் திறக்காமல், கால்மாட்டு இருட்டுக்குக் குரல் கொடுத்தான்.

"அண்ணே. மடி இங்க இருக்கு. எல்லாரும் வாங்க."

மழை நின்றிருந்தது. சொட்டும் ஓசை நிற்கவில்லை.

கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது. குளிர்ந்த பாரம் ஒன்று அவன் தலையருகே வந்து சாய்ந்தது. பிறகு இன்னொன்று. எழப் பார்த்தாள். தொடைகள் அசையவில்லை. மூன்று. நான்கு. ஈர முடி. மணல். ஆறு.

குனிந்தாள். மடி நிறைய முகங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து, இமையற்ற கண்களால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் பரமசிவத்தின் வாய், ஓசையில்லாமல், திறந்து திறந்து மூடியது.