பன்னிரண்டாம் நம்பர் கடை

ரசலையன் பஜாரில் ஒரு பிணம் கிடந்தது.

ரசலையனின் பிணம்.

தலை உடைந்திருந்தது. சுற்றிலும் ஓட்டுத் துண்டுகள். மேலே, கூரையில் ஆள் நுழையும் ஓட்டை... அதன் வழியே காலை வெயில்.

"முதல்ல பாத்தது ஆரு?" இன்ஸ்பெக்டர் பூதலிங்கம் கேட்டார்.

"நான்தான் ஐயா."

பன்னிரண்டாம் நம்பர் கடையில், தையல் மெஷினுக்குப் பின்னால் செல்லபாய் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தன் கைகளே யாருடையவையோ போலிருந்தன அவளுக்கு.

"மத்த கடைக்காரங்க?"

"எல்லாரும் போயாச்சு. நான் மட்டுந்தான் பாக்கி."

நாற்பத்தெட்டாம் வருஷம் கருங்கல் ஊருக்கு வெளியே ரசலையன் கட்டியது, ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு கடைகள்! ஜவுளி, பாத்திரம், வளையல், கண்ணாடி அலமாரிக்குள் ரொட்டி... மயிலாடியிலிருந்துகூட வண்டி கட்டி வந்தார்கள். மூன்றே வருஷம். பஸ் நிற்கும் இடம் சந்தைப் பக்கம் மாறியது. மறுமாதமே ஜவுளிக்கடை காலி. அடுத்தது பாத்திரக்கடை. இப்போது தவறாமல் வருவது வௌவால்கள்தான்.

"அவரு எதுக்குக் கூரையில ஏறினாரு?"

"என் கடைக்கு மேல ஒழுகுதுன்னு சொன்னேன். வேலைக்கு ஆளு கெடைக்கல்ல. அவரே ஏறினாரு."

ஏணியிலிருந்து இறங்கிய கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரின் காதில் எதையோ சொன்னார். பூதலிங்கத்தின் முகம் மாறியது.

"செல்லபாய்... கூரைக்கட்டை தானா ஒடியல்ல. பாதி வரைக்கும் ரம்பம் வச்சு அறுத்திருக்கு. அவரு மேல ஆருக்குப் பகை?"

"எனக்கு அவரு தெய்வம் மாதிரி ஐயா. என் வீட்டுக்காரரு பஸ் மோதிச் செத்தப்ப, பொழச்சுக்கோன்னு இந்தக் கடையத் தந்தாரு. வாடகையே கேட்டதில்ல."

"பின்ன?"

"போன மாசம் கோலப்பன் ஆசுபத்திரியில கெடந்தாரு. வீட்டுக்காரரோட இந்தக் கூரை வேல பாத்தவரு. சாவுறதுக்கு முந்தி என்னைய வரச்சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"பஸ்ஸு மோதவே இல்லியாம். தெறப்பு விழாவுக்கு முந்தின நாளு, எங்க வீட்டுக்காரரு இந்தக் கூரையிலேருந்து விழுந்திருக்காரு. மூச்சு இருந்திருக்கு. வெளிய தெரிஞ்சா விழா நின்னுபோவும்னு... ரசலையன் ரோட்டுல கொண்டு கெடத்தச் சொல்லியிருக்காரு."

பூதலிங்கம் நிமிர்ந்து கூரை ஓட்டையைப் பார்த்தார்.

"ஆறு வருசமா அந்த ரசலையனுக்கு வேண்டி ஜெபம் பண்ணியிருக்கேன் ஐயா."

"ரம்பம் எங்க?"

துணிக்குவியலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "வீட்டுக்காரருக்க ரம்பம்."

பூதலிங்கம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "கெளம்பு."

அவள் எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இது என்னது?"

"உங்க வீட்டம்மாக்க ஜம்பர். தச்சு முடிச்சாச்சு. கழுத்து இறுக்குன்னு திருப்பிக் கொண்டு வரண்டாம்னு சொல்லுங்க ஐயா... அதுக்குள்ள நீங்க எனக்கு இறுக்கியிருப்பிய."