அடுக்களையனின் அவரைக்காய்ப் பொரியல்

நிலவின் தரைக்கு அடியில், எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய பழைய குகைக்குள் அமைந்திருந்தது தண்ணிழல் நகரம். அங்கே மாலை ஏழு மணியானால் வீட்டுக்கு வீடு மணியோசை கேட்கும். அதற்கும் பக்திக்கும் சம்பந்தமில்லை. பொரியலுக்குத் தாளிப்பதற்காக அடிக்கும் மணி அது.

நகரத்தின் சட்டப்படி மனிதர் கையில் நெருப்பு இருக்கக்கூடாது. ஒருவர் வீட்டு அடுப்பு நூறு பேர் மூச்சைத் தின்றுவிடும் என்பதால், தீ மூட்டும் உரிமம் சமையல் பொறிகளுக்கு மட்டும்தான். வீட்டுக்கு ஒன்று என்று வந்த அந்தப் பொறிக்கு 'அடுக்களையன்' என்று பெயர். ஆளுயரம், நான்கு கை, நெஞ்சில் ஒரு வெண்கல மணி. வீட்டில் யாராவது எழுந்துபோய் அந்த மணியை அடிக்கும்வரை கடுகுக் கரண்டியை வாணலிக்கு மேலே பிடித்தபடி நிற்கும். எண்ணெய் புகைந்தாலும் சரி, வீட்டுக்காரர் புகைந்தாலும் சரி, கடுகு விழாது.

அன்றும் கோமதிநாயகம்தான் எழுந்துபோய் அடித்துவிட்டு வந்தார். காற்றழுத்தப் பிரிவில் மேற்பார்வையாளர். ஒரு நகரம் முழுக்க மூச்சுவிடுவதற்கு அவர்தான் பொறுப்பு. தன் தட்டில் நாலு அவரைக்காயை விழவைக்கத்தான் அவருக்கு வழி தெரியவில்லை.

"நன்றி மக்களே!" என்றது அடுக்களையன். மக்கள் என்று அங்கே இருந்தது அவரும் அவர் மனைவி சண்பகவல்லியும்தான். "மணியை அடிச்ச அத்தனை பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு நாம பாக்கப்போறது ரொம்ப ரொம்ப சிம்பிளான, ஹெல்தியான, அவசரத்துக்கு டக்குனு செய்யக்கூடிய அவரைக்காய்ப் பொரியல். அதுக்கு முன்னாடி அவரைக்காயைப் பத்தி ரெண்டே ரெண்டு வார்த்தை..."

"ரெண்டு வார்த்தையா? நேத்து அதோட நார்ச்சத்தைப் பத்தியே முக்கால் மணி நேரம் பேசினியே!"

"கடைசியில ஒரு முக்கியமான டிப்ஸ் இருக்கு. ஓடிடாதீங்க."

"ஓடுறதுக்கு அவருக்குத் தெம்பு இருந்தாத்தானே" என்றாள் சண்பகவல்லி.

கடுகு வெடித்தது. நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதான் என்பதால் வெடித்த கடுகு கூரைவரை போய் முட்டிவிட்டு, அவசரமே இல்லாமல் இறங்கிவந்தது. "எண்ணெய் ரொம்பக் கம்மியாத்தான் சேர்க்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே அடுக்களையன் மூன்று கரண்டி நெய்யை ஊற்றியது. ஒரு கைப்பிடிக் காய்க்குப் பதினாலு கிண்ணங்களை அழுக்காக்கியது. வெந்த பொரியலை இலையில் குவித்து, மேலே கறிவேப்பிலை வைத்து, இலையை இப்படியும் அப்படியும் திருப்பி யாருக்கோ காட்டியது. பிறகு ஒரு வாய் எடுத்து, வாய் இல்லாத தன் உலோக முகத்தில் அப்பிக்கொண்டு, கண்விளக்கை அணைத்து, "ம்ம்ம்... வேற லெவல்!" என்றது.

சாப்பாடு தட்டுக்கு வந்தபோது ஆறிப்போயிருந்தது. அதற்கும் முன்னதாகக் கோமதிநாயகத்தின் பசி ஆறிப்போயிருந்தது. அவருடைய ஆத்திரம் மட்டும்தான் சூடாக இருந்தது.

ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. மகள் பூங்கோதைக்குத் தென்காசியில் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. நிலவிலிருந்து பூமிக்கு இறங்க வேண்டுமென்றால் எடைதாங்கு தேர்வில் தேற வேண்டும். அங்கே போனதும் உடம்பு ஆறு மடங்கு கனக்கும். இதயம் அதைத் தாங்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் இறங்குகலத்தில் இடம் கிடையாது, பெண்ணைப் பெற்றவராக இருந்தாலும். கோமதிநாயகத்துக்குச் சர்க்கரை கூடியிருந்தது. "மூணு மாசம் இருக்கு. காய்கறியா சாப்பிடுங்க. பொரியல், கூட்டு, பச்சடி. அவ்வளவுதான்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் என்று சொல்வது மருத்துவர்களுக்கு எப்போதுமே சுலபம்.

அவர் புகார் கொடுத்தார். உணவு மரபு மீட்புக் கழகத்தின் தலைமை ஆய்வாளரான முனைவர் இளஞ்சேட்சென்னியே நேரில் வந்தார். பொன்னாடையைத் தானே எடுத்துவந்து தானே போர்த்திக்கொள்ளும் ரகம். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப் பார்ப்பதுபோல அடுக்களையனைப் பார்த்தார்.

"இதன் ஒவ்வொரு அசைவும் ஆதாரபூர்வமானது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழர்தம் அடுக்களைகளில் பதிவான ஒரு லட்சம் மணிநேரக் காணொளிகளை இதற்குக் கற்பித்திருக்கிறோம். மணியைக் குறிப்பிடாமல் நம் முன்னோர் ஒரு வெண்டைக்காயைக்கூட வதக்கியதில்லை."

"எதுக்குங்க மணி?"

"அதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீக்கடவுளை எழுப்புவதற்காக என்பது என் துணிபு. தனி நூலே எழுதியிருக்கிறேன்."

"மூணு கரண்டி நெய்?"

"'எண்ணெய் கம்மி' என்ற மந்திரத்தைச் சொன்ன பிறகே ஊற்றுகிறார்கள். சொல்லாமல் ஊற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை."

கோமதிநாயகத்துக்குத் தலை சுற்றியது. "ஐயா, அவங்க எதிர்ல ஆள் இருக்குன்னு நினைச்சுப் பேசியிருக்காங்க. நாலு பேர் பாக்குறப்ப எவன் ஒழுங்கா இருந்தான்? யாரும் பாக்காதப்ப அவங்க வீட்டுல என்ன செஞ்சாங்களோ, அதைக் கத்துக்குடுங்க இதுக்கு. சத்தமில்லாம ஒரு காயை நறுக்கி, வேகவெச்சு, கொஞ்சம் தேங்காய்ப்பூ தூவி இறக்கியிருப்பாங்கல்ல? அது போதும் எனக்கு."

முனைவர் பொன்னாடையைச் சரிசெய்தார். "அப்படியும் ஒரு தொகுப்பு இருக்கிறது" என்றார் தயக்கத்தோடு. அந்தக் காலத்து மனிதர்களின் கைப்பேசியும் கைக்கடிகாரமும் குளிர்பெட்டியும், யாரும் கேட்காமலே, அவர்கள் வீட்டில் நடந்ததையெல்லாம் குறித்துவைத்திருந்தன. காணொளிகளுக்குப் பேச்சுத்தொகுப்பு என்று பெயர். இதற்குச் செயல்தொகுப்பு என்று பெயர். கழகம் அதைப் பூட்டி வைத்திருந்தது.

"எதுக்குப் பூட்டணும்?"

"அதில் மரபு கொஞ்சம் குறைவு."

"குறைஞ்சா குறையட்டும். பேச்சு இருக்கா?"

"பேச்சு அறவே இல்லை."

"அதைப் போடுங்க!"

"ஒருமுறை மாற்றினால் ஆறு மாதத்துக்கு மறுபடி மாற்ற முடியாது" என்றார் முனைவர். கோமதிநாயகம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. பொறியின் முதுகைத் தானே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் மட்டும் மணி அடிக்கவில்லை. வாழ்த்து இல்லை, டிப்ஸ் இல்லை. கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அடுக்களையன் சமையலறையின் காய்ச்சுவரில் கொத்துக்கொத்தாகக் காய்த்திருந்த அவரைக்காயைப் பறித்தது. பார்த்துப் பார்த்துக் கழுவியது. ஈரம் போகத் துடைத்தது. துணிப்பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தது. பெரிய காரியத்தை முடித்த நிறைவோடு கதவைச் சாத்தியது.

பிறகு கூடத்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தது.

அதன் நெஞ்சில் ஒரு திரை விரிந்தது. அதில் அந்தக் காலத்துப் பெண்மணி ஒருத்தி அவரைக்காய்ப் பொரியல் செய்துகொண்டிருந்தாள். அடுக்களையன் கழுத்தை வளைத்துத் தன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது. முழுவதும் பார்த்தது. நடுவில் இரண்டு முறை தலையாட்டியது. முடிந்ததும் அதைப் 'பிறகு' என்ற பெட்டியில் சேமித்துக்கொண்டது. அந்தப் பெட்டியில் ஏற்கெனவே நாலாயிரம் பொரியல்கள் இருந்தன. நுரையீரல் இல்லாத அந்தப் பொறி ஒரு பெருமூச்சு விட்டது.

அதே திரையில் விரலால் நாலு தட்டுத் தட்டியது. கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்த காற்றுக்குழாய் 'துப்' என்று ஒரு பொட்டலத்தைத் துப்பியது. சுரங்க முனையில் மாடக்கண்ணு நடத்தும் கடையிலிருந்து ஆறு பரோட்டா, தனித்தனிப் பையில் சால்னா.

"இது என்னங்க?" என்றாள் சண்பகவல்லி.

"இன்னிக்கு முதல் நாள். பழகட்டும்" என்றார் கோமதிநாயகம். பரோட்டா சூடாக இருந்தது. அந்த வீட்டில் சூடாக எதையும் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாளும் காற்றுக்குழாய்தான் சோறு போட்டது. வாரக் கடைசியில் அடுக்களையன் குளிர்பெட்டியைத் திறந்து, கறுத்துப்போன அவரைக்காயை வருத்தத்தோடு குப்பையில் கொட்டியது. உடனே வைராக்கியத்தோடு காய்ச்சுவரிலிருந்து முன்னைவிட அதிகமாகப் பறித்துக் கழுவி உள்ளே வைத்தது.

கோமதிநாயகம் முனைவரை அழைத்துக் கத்தினார். முனைவர் பொறியைத் தூரத்திலிருந்தே சோதித்துவிட்டுச் சொன்னார்: "பழுது ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பத்து வீட்டில் ஒன்பது வீடு இப்படித்தான். காயை நறுக்கும் காட்சிக்காகத் தொகுப்பு முழுக்கத் தேடினோம். நறுக்கினார்கள். வெங்காயம். பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ள."

"மாத்துங்கய்யா இதை!"

"ஆறு மாதம் என்று அன்றே சொன்னேன்."

கோமதிநாயகம் அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நிலவில் கோபமாக நடந்தால் துள்ளித் துள்ளித்தான் போக முடியும். கோபத்துக்கு ஒரு மரியாதையும் மிஞ்சாது.

"நெருப்புதானே நம்ம கையில கூடாது?" என்றாள் சண்பகவல்லி. "வெள்ளரிக்காய்க்கு எதுக்குங்க நெருப்பு?"

அவள் பாசிப்பருப்பை ஊறவைத்தாள். வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி, கேரட்டைத் துருவி, பருப்பைக் கலந்து, உப்புப் போட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். மேலே கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள். கோசம்பரி தயார். அழுக்கானது ஒரே ஒரு கிண்ணம்.

கோமதிநாயகம் ஒரு கரண்டி தின்று பார்த்தார். "அட, நல்லாத்தானே இருக்கு! நாளையிலேர்ந்து நானும் இதுதான்."

"இன்னிக்கே ஆரம்பிச்சா பல்லு வலிக்குமா?"

"பரோட்டா வந்திருச்சே. வீணாகும்ல?"

நாளை என்பது தண்ணிழல் நகரிலும் மறுநாள்தான் வந்தது. வந்ததும் பரோட்டாவும் வந்தது. சண்பகவல்லி தன் கிண்ணத்தோடு ஒரு பக்கம் உட்கார்ந்தாள். மறுபக்கம் கோமதிநாயகமும் அடுக்களையனும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வாழைத்தண்டுப் பச்சடி செய்வது எப்படி என்று பார்த்தார்கள்.

"இஞ்சி சேக்குறா பாரு" என்பார் இவர், வாய் நிறைய சால்னாவோடு. அது தலையாட்டும். "இதை ஒருநாள் செஞ்சுடணும்." அது சேமித்துக்கொள்ளும்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த அதிசயம் நடந்தது. விடிந்ததும் அடுக்களையன் அடுப்பை மூட்டியது. பேச்சில்லை, மணியில்லை. அவரைக்காயை நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, ஒரு சொட்டு எண்ணெயில் தாளித்து, தேங்காய்ப்பூ தூவி இறக்கியது. மதியம் பீர்க்கங்காய்க் கூட்டு. மாலையில் முருங்கைக்கீரை. இரண்டு நாளும் அப்படியே. கோமதிநாயகம் கனவில் கண்ட பொரியல் அதுதான்.

"பாத்தியா வல்லி, திருந்திடுச்சு!" என்றார்.

அது திருந்தவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் அந்தக் காலத்து வீடுகளில் என்ன நடந்ததோ அதைச் செய்துகொண்டிருந்தது.

தேர்வுக் கூடத்து மருத்துவர் இளம்பெண். "சாப்பாடெல்லாம் எப்படி சார்?" என்று கேட்டாள்.

"வீட்டுச் சாப்பாடுதான்மா" என்றார் கோமதிநாயகம், நெஞ்சு நிமிர. "பொரியல், கூட்டு, கீரை. எண்ணெயே கிடையாது."

அவள் அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். அது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் திரை. "இந்த ரெண்டு நாளை மட்டும் சொல்றீங்களா சார்?"

சண்பகவல்லி தேறினாள். இறங்குகலத்தில் ஏறும்போது அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "பருப்பு ஊறவெச்சிருக்கேன். வெள்ளரிக்காய் இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. நான் வர்றதுக்குள்ள உடம்பைத் தேத்துங்க. அடுத்து பேரன் பேத்தின்னு வரும்ல? அதுக்காவது இறங்கி வரணும் நீங்க."

"இனிமே சத்தியமா அதுதான்" என்றார் அவர்.

கல்யாணத்தன்று பட்டுவேட்டி கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். தாலி கட்டும்போது அவரும் அட்சதை போட்டார். திரையில் மோதிய அரிசி மெல்ல, மிக மெல்ல இறங்கியது. மணமக்கள் மூன்று சுற்றும் சுற்றி முடித்த பிறகுதான் கடைசி அரிசி தரையைத் தொட்டதுபோல் அவருக்குத் தோன்றியது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதார். அழுதால் பசிக்கும்.

மதியம் சண்பகவல்லி அழைத்தாள். பின்னால் பந்தியின் இரைச்சல். "சாப்பிட்டீங்களா?"

அவர் கையைத் திரைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். "ஆச்சு, ஆச்சு. கோசம்பரிதான்."

"நெசமாவா?"

"உன்மேல சத்தியமா."

முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் அவள். "நீங்க சும்மா இருங்க. அடுக்களையா, நீ சொல்லு. ஐயா என்ன சாப்பிட்டாரு?"

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார் கோமதிநாயகம். பொறிக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொல்லும்படி அதை யாரும் செய்யவில்லை. தவிர, தொகுப்பு மாற்றிய நாளிலிருந்து அது ஒரு வார்த்தை பேசியதில்லை. சோபாவில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுக்களையன் நிமிர்ந்து, திரையில் தெரிந்த சண்பகவல்லியின் முகத்தை நேராகப் பார்த்தது.

"கோசம்பரிதான்மா" என்றது. "எண்ணெய்கூடச் சேக்கலை."

நிலவுக்கும் தென்காசிக்கும் இடையில் குரல் போய்வர எடுக்கும் நேரம் எடுத்து, பூமியிலிருந்து ஒரு நிம்மதிப் பெருமூச்சு வந்து சேர்ந்தது. அடுக்களையன் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமல், இரண்டாவது சால்னாப் பையின் முடிச்சை அவிழ்த்தது.