பசியில்லாத ஏழாம் மாதம்

கை கழுவும்போது இலக்கியாவின் வளையல்கள் தாமாகவே கழன்று தொட்டியில் விழுந்தன. வளைகாப்பு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று சோப்பு தடவி, படாத பாடு பட்டு ஏற்றிய கண்ணாடி வளையல்கள் அவை.

அரியலூரில் அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்குப் பசியே இல்லை. தட்டில் எதை வைத்தாலும் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள்.

"ஏழு மாசக்காரி இப்படியா சாப்புடுவ? ரெண்டு வாய் வாங்கிக்க," என்றாள் அம்மா அம்பிகா.

"வயிறு திம்முன்னு இருக்கும்மா. சாயங்காலம் சாப்புடுறேன்."

பொய்யில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பல வருடம் கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்து தங்கிய பிள்ளை. அதற்கு ஏதாவது ஆனால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

ஆய்வகத்துக்குப் போகும் பெரம்பலூர் பஸ்ஸில், சிமெண்ட் லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசியும் டீசல் நாற்றமும் ஜன்னல் வழியே முகத்தில் அப்ப, யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதியை மனதில் உருட்டிக்கொண்டே வந்தாள். உடம்பின் செல்லுக்குத் தீனி கிடைக்காதபோது அது தனக்குள் சேர்ந்த குப்பையைத் தின்று பிழைத்துக்கொள்ளும். போதும் என்று நிறுத்த ஒரு மரபணு உண்டு. அதை வெட்டியெடுத்துப் பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. தன் செல்லைத் தானே வளர்க்கக் கூடாது, தவறி உள்ளே போனால் உடம்பு அதை அந்நியமாக நினைத்து விரட்டாது என்பது ஆய்வகத்தில் சேர்ந்ததுமே சொல்லித்தரும் பாடம். வேறு ஆளிடம் தோல் வாங்க அனுமதி இழுத்துக்கொண்டே போனதால், அவள் தன் கையிலிருந்தே கிள்ளியெடுத்தாள். போன மாதம், மரபணு வெட்டிய அந்தச் செல்கள் இருந்த ஊசி விரலில் ஏறிவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆய்வகத்தில் குளிர்பெட்டியின் உறுமலைத் தவிர வேறு சத்தமில்லை. தீனி போடாமல் விட்டிருந்த தட்டை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள். செல்கள் கொழுகொழுவென்று இருந்தன. உள்ளே பழைய குப்பை அப்படியே கிடந்தது. அவை அதைத் தொடவேயில்லை. தங்களுக்குள் புதிதாக உண்டானதை, இளசாக இருந்ததை மட்டும் தேடித் தின்றிருந்தன.

வயிற்றில் பிள்ளை உதைத்தது. படபடவென்று, விடாமல். எதையோ தள்ளிவிடப் பார்ப்பதுபோல.

பிறகு நின்றது.

பக்கத்துத் தெரு ஸ்கேன் சென்டருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். டாக்டர் ஜெயசுதா வயிற்றில் பசையைத் தடவினாள். ஜில்லென்றிருந்தது. கருவி மேலே போனது. கீழே வந்தது. மறுபடி மேலே.

"போன மாசம் பாத்தப்ப நல்லா இருந்துச்சேம்மா." டாக்டர் கருவியை இன்னும் அழுத்தினாள். "ரத்தம் ஏதும் போச்சா?"

"இல்லீங்க டாக்டர். இப்பதான் உதைச்சுச்சு. நல்லா பாருங்க."

திரையில் கர்ப்பப்பை தெரிந்தது. சுத்தமாக. வழித்துத் துடைத்த பாத்திரம்போல.

மூலையில் ஒரு சின்னக் கை மட்டும். விரல்கள் விரிந்திருந்தன. அவள் பார்க்கப் பார்க்க அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

இலக்கியா கத்த வாயைத் திறந்தாள். கத்தல் வரவில்லை.

விருந்து முடித்தவளுக்கு வருவதுபோல, நீளமாக, ஓர் ஏப்பம் வந்தது.